நாளையும் இதுதானா?

பழக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே புருவத்தை நெரிப்பவர்கள் நாம். பாட்டன் செய்தான், அப்பன் செய்தான், ஆகவே நானும் செய்கிறேன் என்பாரைக் கண்டு நகைத்து, நாள் பார்ப்பதையும் கோள் பார்ப்பதையும், பூனை குறுக்கே போயிற்றென்று புறப்பட்ட பயணத்தை நிறுத்துவதையும் மேடைதோறும் சாடி, 'ஏன்? எதற்கு?' என்னும் இரு கேள்விகளையே படைக்கலமாகக் கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய நாம், ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க உட்கார்ந்தபோது, பழக்கம் வேண்டுமா, புதுமை வேண்டுமா என்ற கேள்வியிலே கால் இடறி விழுந்தோம். விழுந்த கதையைச் சொல்ல வெட்கப்படவில்லை. நம்மைப்போலவே ஆர்வத்தோடு புறப்படும் தோழர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் அதே கல்லில் இடற வேண்டாம்.

2020 மார்ச்சுத் திங்களில், கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மீண்டும் கதவு திறந்தது 2021 நவம்பர் முதல் நாள். இடையே ஓடிய காலம் 19 திங்களுக்கு மேல். கைப்பேசி இருந்த வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை ஆடு மேய்த்தது, தம்பியைத் தூக்கிச் சுமந்தது, தாயோடு வேலைக்களத்துக்குப் போய் மரத்தடியில் உறங்கிற்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்று பெயர். ஒன்றாம் வகுப்பின் வாயிற்படியை மிதித்தறியாத பிள்ளை! இந்த நிலையைக் கண்டு மனம் பொறாத நாங்கள் ஆறு பேர், எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் முன் தாழ்வாரத்தில் மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். வந்தவர்கள் 23 சிறார். பெரும்பாலோர் கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போவோரின் மக்கள்.

நாங்கள் வகுத்த திட்டத்தைக் கேட்டால் நகைப்பீர்கள். கிளிப்பிள்ளைக் கல்வி கூடாது, செக்குமாட்டு வட்டம் கூடாது, நாளுக்கொரு புதுமை என்று முடிவு செய்தோம். திங்களன்று பொம்மலாட்டம். செவ்வாயன்று பாட்டு. புதனன்று புளியங்கொட்டை கொண்டு கணக்கு. வியாழனன்று ஏரிக்கரை. வெள்ளியன்று வெறுங்கையில் திருநீறு வரவழைத்துக் காட்டி, அந்தத் தந்திரத்தை உடனே உடைத்தும் காட்டுதல். சனியன்று காகித மடிப்பு. அடுத்த கிழமை இவை யாவும் மாறும். கற்பிப்பவரும் மாறுவார். அவரவர் வேலை முடிந்து வரும் நேரத்தைப் பொறுத்து வகுப்பு ஒரு நாள் ஐந்துக்குத் தொடங்கும், ஒரு நாள் ஆறரைக்கு. இதையும் நாங்கள் விடுதலையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டோம்!

முதற் கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. சிரிப்பொலி தெருமுனை வரை கேட்டது. நாங்கள் பூரித்துப் போனோம். மூன்றாம் கிழமை முடிவில் ஒருவர் சிலேட்டை நீட்டி, 'ப' எழுதுங்கள் பார்ப்போம் என்றார். பொம்மலாட்டப் பொம்மைகளின் பெயர் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. 'ப' எழுதியவர் இருவர். அவ்விருவரும் முன்பே அறிந்தவர்கள்.

அந்தக் கிழமையில்தான் அது நடந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பேச்சு மிகக் குறைவு. அன்று புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் சரியாக அடுக்கிவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் செய்த முதல் வேலை அதுதான். புறப்படும்போது எங்களில் ஒருவரின் முந்தானையைப் பற்றிக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நாளைக்கும் இதுதானா?"

சலிப்பு என்றல்லவா எண்ணினோம்! "இல்லை கண்ணு, நாளைக்குப் புதுசு" என்று பெருமையோடு சொன்னோம். சிறுமியின் முகம் வாடிற்று. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீடு தேடிப் போனோம். தாய் சொன்னார்: "தினமும் என்ன சொல்லித் தருவாங்கன்னு தெரியலையாம், பயமா இருக்காம். தெரிஞ்சதைத் திரும்பச் செய்ய விடமாட்டேங்கிறாங்களாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை. அவளுக்கு இனித்த ஒன்றை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குப் புதுமை என்று பெயர் சூட்டியிருந்தோம். சலித்தது யாருக்கு? எங்களுக்கு! புளியங்கொட்டையை இரண்டாம் நாளும் எண்ணுவது பட்டம் பெற்ற இளைஞனுக்குச் சலிக்கும். எங்கள் சலிப்பைக் குழந்தையின் தலையில் ஏற்றினோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பின்னாளில், 1939இல், சென்னை அடையாற்றுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; போர்க்காலம் முழுவதையும் இந்தியாவிலேயே கழித்தார். அவர் கண்ட காட்சி ஒன்று கல்வியுலகில் புகழ்பெற்றது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்துகிறாள், எடுக்கிறாள், மீண்டும் பொருத்துகிறாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்தார்கள். அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவள் நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்தபின், உறக்கத்திலிருந்து விழித்தவள்போல் மலர்ந்து பார்த்தாளாம். யாரும் அவளை ஏவவில்லை, பரிசு காட்டவில்லை. திரும்பத் திரும்பச் செய்வதை அடிமைத்தனத்தின் அடையாளமாகவே கண்டு பழகிய நமக்கு, இது சற்றே செருக்கு அடக்கும் செய்தி.

அப்படியானால் புதுமை வேண்டாமா? அவ்வாறு சொல்லவும் இயற்கை இடந்தரவில்லை. ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1964இல் சில திங்களே ஆன மழலைகளிடம் இரண்டிரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று மாறாமல் வருவது, மற்றொன்று ஒவ்வொரு தடவையும் புதியது. மாறாத படத்தைப் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே போயிற்று. புதியதன்மீதே கண் சென்றது. பேசத் தெரியாத பருவத்திலேயே புதுமையை நாடும் கண் அது. இரண்டு பசியும் ஒரே குழந்தைக்குள் இருக்கின்றன. ஒன்றுக்கு உணவிட்டு மற்றொன்றைப் பட்டினி போட்டால் பிள்ளை மெலியத்தான் செய்யும்.

இங்கே அறநெறி பற்றிய கேள்வி ஒன்று எழுகிறது. எந்தப் பிள்ளைக்கு எது பஞ்சம்? வேளைக்கு உணவு, வேளைக்கு உறக்கம், தனி அறை, தந்தைக்கு மாதச் சம்பளம் என வாழும் வீட்டுப் பிள்ளைக்குப் புதுமை பஞ்சமாக இருக்கலாம். எங்கள் தாழ்வாரத்துப் பிள்ளைகளுக்கோ நாள்தோறும் புதுமைதான்! இன்று வேலை உண்டா? அப்பா எந்த நிலையில் வீடு திரும்புவார்? மழை பெய்தால் எங்கே படுப்பது? நாளையென்பது என்னவென்றே தெரியாத வாழ்வு அது. அத்தகைய பிள்ளை பள்ளிக்கு வருவது, நேற்றுப்போலவே இன்றும் இருக்கும் ஓரிடத்தைத் தேடித்தான். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இலும் 1982இலும் விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்த அந்தத் தட்டுச் சோற்றின் பெருமையில் பாதி, அது வரும் நேரம் பிசகாமல் வருவதில் இருக்கிறது. மணி அடித்தால் சோறு என்பது பசித்த பிள்ளைக்குக் கிடைத்த உறுதிமொழி. நாங்களோ எழுத்தை எந்த மணிக்கும் உறுதி செய்யவில்லை.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவரிடம் போனோம். வந்தார், எங்கள் வகுப்பை ஒரு நாள் மூலையில் அமர்ந்து பார்த்தார். "தினமும் திருவிழா நடத்துறீங்க தம்பி. திருவிழா முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றார். மறுநாள் முதல் சரியாக ஐந்தரைக்கு வந்தார். முதலில் எல்லாருக்கும் ஒரு குவளைத் தண்ணீர். பிறகு பெயர் கூப்பிடுதல். பிறகு ஒரு பாட்டு; நாள்தோறும் அதே பாட்டு. பிறகு நேற்றைய எழுத்து. பிறகே இன்றைய எழுத்து. கடைசியில் ஒரு கதை. அதுவும் கிழமை முழுவதும் ஒரே கதை.

எங்களுக்குள் பூசல் மூண்டது. "இது பழைய திண்ணைப் பள்ளி! எதை உடைக்க வந்தோமோ அதையே கட்டுகிறோம்" என்று ஒரு தோழர் சீறினார். சினத்திலே நியாயம் இருந்தது. திண்ணைப் பள்ளியின் அன்றாட முறைக்குச் சான்று இருக்கிறது. பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் ஆட்சியர் காம்ப்பெல், 1823இல் தம் மாவட்டப் பள்ளிகளைப்பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில் காலைக் காட்சியை விளக்குகிறார். முதலில் வரும் மாணவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். அது அவனுக்குச் சிறப்பு. இரண்டாமவன் கையில் சுன்னம். புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நாலாமவனுக்கு இரண்டு. பின்னே வருபவனுக்கு ஒவ்வொன்று கூடும். இருபதாவதாக வந்த சிறுவனின் கையை எண்ணிப் பாருங்கள்! ஏராளமான செய்யுள்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், பொருள் மட்டும் கிளிக்குத் தெரிந்த அளவே தெரியும் என்றும் அவர் எழுதுகிறார்.

ஆனால் அதே நாட்டுப் பள்ளியிடம் பாடம் கேட்டுக்கொண்டு போனவரும் உண்டு. சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற மைந்தருக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், இங்கே சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார்; மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. மணலில் எழுதினால் தவறு நிலைப்பதில்லை. கையால் தடவினால் மறையும். அஞ்சாமல் நூறு தடவை எழுதலாம். கையில் விழும் அடியும் நாள்தோறும் நிகழ்வது, மணல் எழுத்தும் நாள்தோறும் நிகழ்வது. இரண்டையும் பழக்கம் என்ற ஒரே சொல்லால் அழைத்து, இரண்டையும் ஒரே துடைப்பத்தால் தள்ளிவிட இருந்தோமே, அதுதான் எங்கள் பிழை.

எனவே ஆசிரியையிடம் எங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டோம்: ஏன்? அவர் சினக்கவில்லை. ஏன் முதலில் தண்ணீர்? வெயிலில் ஓடிவரும் பிள்ளைக்கு நாவறண்டிருக்கும். வறண்ட நாவில் பாடம் ஏறாது. ஏன் அதே பாட்டு? பிந்தி வருபவன் திட்டு வாங்காமல் பாட்டின் நடுவே வந்து அமர்ந்துகொள்ளலாம். ஏன் நேற்றைய எழுத்து? நேற்றைக்குக் கற்றது இன்றைக்குப் பாதி போயிருக்கும். இந்த மூன்றாம் விடையை அவர் அனுபவத்தில் சொன்னார். செருமானியர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து, 1885இல் வெளியிட்ட நூலும் அதையே சொல்கிறது: மறதி முதல் சில மணி நேரத்திலேயே விரைந்து பாய்கிறது, இடைவெளிவிட்டு மீண்டும் கற்றால் அதன் வேகம் தணிகிறது. நம் நன்னூலாரும், இருமுறை கேட்பவனுக்குப் பிழை குறையும், மும்முறை கேட்பவன் முறையறிந்து பிறர்க்குரைப்பான் என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார். கொள்பவனின் கொள்ளும் திறம் அறிந்து ஆசிரியன் கொடுக்கவேண்டும் என்றதும் அதே நூல்தான்; அதை ஒப்பிப்போர் பலர், செய்வோர் சிலர்.

கேட்டால் விடை சொல்லும் பழக்கம் ஒன்று. கேட்டால் பிரம்பைக் காட்டும் பழக்கம் மற்றொன்று. பின்னதைச் சடங்கு என்போம். கோவிலில் மட்டுந்தான் சடங்கு நடக்கும் என்று யார் சொன்னது?

ஒரு கிழமை முழுவதும் ஒரே கதையா என்று நாங்கள் அப்போதும் முணுமுணுத்தோம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த முணுமுணுப்பை அடக்கிற்று. மூன்று வயதுக் குழந்தைகள் சிலர் ஒரே கதையை மீண்டும் மீண்டும் கேட்டனர். சிலர் வெவ்வேறு கதைகளைக் கேட்டனர். புதிய சொற்கள் இருசாராருக்கும் ஒரே அளவு தடவைதான் காதில் விழுந்தன. ஒரே கதையைக் கேட்டவர்களே அச்சொற்களை நன்கு நினைவில் வைத்திருந்தனர். கதை தெரிந்துவிட்டதால் மனம் சொல்லின்மேல் படிகிறது என்று கொள்ளலாம்.

ஆயினும் 1978இல் கெர், பூத் என்ற இருவர் செய்த சோதனை வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. எட்டு வயதுச் சிறுவர்கள் சிறு மூட்டை ஒன்றை இலக்கில் எறியப் பழகினர். ஒரு சாரார் மூன்றடித் தொலைவிலேயே பழகினர். மறு சாரார் இரண்டடியிலும் நான்கடியிலும் மாறிமாறிப் பழகினர். மூன்றடியில் ஒருமுறைகூடப் பழகவில்லை. தேர்வு நடந்ததோ மூன்றடியில். வென்றவர்கள் மாறிமாறிப் பழகியவர்கள்! ஒரே இடத்தில் நின்று பழகியவன் அந்த இடத்தைக் கற்றான். இடம் மாறி நின்றவன் எறிதலையே கற்றான்.

ஆசிரியையின் வகுப்பில் இவ்விரண்டும் இருந்தன. எங்கள் கண்தான் காணவில்லை. 'ம' என்ற எழுத்து நான்கு நாட்கள் மாறாது. ஒரு நாள் அது மணலில் வரும். மறுநாள் மாங்கொட்டைகளை அடுக்கி உருவாகும். அடுத்த நாள் பழைய செய்தித்தாளில் அது ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடி வட்டமிட வேண்டும். அதற்கடுத்த நாள் தெருவில் இறங்கிக் கடைப்பலகையில் தேட வேண்டும். எங்கள் முறையிலே சட்டகமும் மாறிற்று, சரக்கும் மாறிற்று. அவர் முறையிலே சட்டகம் அசையாது நின்றதால், உள்ளே இருப்பது துணிந்து ஆடிற்று. அந்தச் சிறுமியும் திரும்பி வந்தாள். நாலாம் நாள் கடைத்தெருவில் 'மளிகை' என்ற பலகையைக் காட்டிக் கூவியவள் அவள்தான்.

அரசும் இத்துறையில் அரிய முயற்சி செய்ததை மறக்கலாகாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007ஐ ஒட்டி மாநிலமெங்கும் புகுந்த செயல்வழிக் கற்றல், கரும்பலகையைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கிற்று. ஆசிரியரைப் பாயில் அமர்த்திற்று. ஏணிப்படியும் அட்டைகளுமாகப் பிள்ளை தன் வேகத்தில் ஏற வழி செய்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து பாடம் தர முனைந்தது. நல்ல எண்ணம், நாடு போற்ற வேண்டிய எண்ணம். ஆனால் ஒரு வகுப்பறையில் நாங்கள் கண்டதையும் சொல்லவேண்டும். "என்ன படித்தாய்?" என்று கேட்டோம். "பதினாலாம் அட்டை" என்றான் சிறுவன். அட்டையில் என்ன இருந்தது? அது அவனுக்கு நினைவில்லை. புதுமைக்காகப் பிறந்த அட்டையே அங்கு உருட்டும் மணியாகிவிட்டது.

சுவர்களைப்பற்றி ஒரு சொல். வண்ணப் படங்களால் நாங்கள் தாழ்வாரச் சுவரை நிரப்பியிருந்தோம். அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டியது, அலங்காரம் மிகுந்த அறையில் மழலையர் கவனம் சிதறிக் குறைவாகக் கற்றனர் என்பது. படங்களைக் கழற்றினோம். தலைவர்களின் படங்களைக் கழற்றுவதா என்பதுபற்றி மட்டும் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. அவை பின்சுவருக்குப் போயின.

இவ்வளவும் ஆனபின், பழக்கத்தின் கட்சிக்கே முழுதும் சாய்ந்துவிட்டோம். அப்போதுதான் அடுத்த இடறல்.

பிள்ளைகள் நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்ந்தனர். யாரும் சொல்லவில்லை, தானாக அமைந்த பழக்கம். அதைக் கண்டு மகிழ்ந்தோம், ஒழுங்கு என்றோம். இரண்டு திங்கள் கழித்து ஒரு தோழர், வகுப்பைப் படம் எடுத்தவர், படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பாயில் இருந்தோர் ஊர்த்தெருப் பிள்ளைகள். வாயிற்படி ஓரம், விளக்கொளி மங்கிய இடத்தில் இருந்தோர் காலனிப் பிள்ளைகள். சாதி ஒழிப்பு மாநாட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிற நாங்கள், எங்கள் தாழ்வாரத்திலேயே ஊரும் சேரியுமாகப் பாய் விரித்திருந்தோம்! ஏழு வயதுப் பிள்ளை தன் இடம் எது என்று தெருவிலிருந்தே கற்றுக்கொண்டு வந்திருந்தது. அந்தப் பாடத்தை நாங்கள் மௌனமாகத் திருப்பிச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். நல்ல பழக்கம் எப்படித் திரும்பத் திரும்ப வந்து உறுதிப்படுகிறதோ, அப்படியே இதுவும் உறுதிப்பட்டுக்கொண்டிருந்தது.

மேலும் தேடினோம். வகுப்பு முடிந்ததும் பெருக்குவது யார்? சிறுமியர். பலகையைத் தூக்கி உள்ளே வைப்பது யார்? சிறுவர். தண்ணீர் ஊற்றுவது எங்கள் குழுவின் இரு பெண் தோழர்களில் ஒருவர். யாரும் வகுத்ததில்லை, எல்லாம் 'தானாக' அமைந்தவை. தானாக அமைந்தவற்றையே முதலில் ஐயுற வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

அன்றிரவே இருக்கைகளைச் சுழற்சியாக்கினோம். பாயில் எண்கள், நாள்தோறும் ஓர் எண் நகரவேண்டும். பெருக்குதல், தண்ணீர், பலகை மூன்றுக்கும் சீட்டு. முதல் நாள் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு வீடுகளிலிருந்து ஆள் வந்து கேட்டார்கள், என் பிள்ளை ஏன் அங்கே உட்காரவேண்டும் என்று. ஒரு வீட்டார் பிள்ளையை நிறுத்திவிட்டனர். நாங்கள் போய்ப் பேசினோம், பயனில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. ஆனால் எண்ணை மாற்றவில்லை. நேரம் மாறாது, தண்ணீர் மாறாது, கற்பிக்கும் முகம் ஒரு திங்களுக்கு மாறாது. இடமும் வேலையும் நாளும் மாறும். அச்சம் போக்குவதற்காகச் சிலவற்றை நிலைநிறுத்தினோம். தெருவின் ஆணை உள்ளே நிலைத்துவிடாதிருக்கச் சிலவற்றை அசைத்தோம். எது எந்தப் பக்கம் என்பதை ஒரேயடியாக முடிவு செய்துவிட முடியவில்லை. திங்களுக்கொரு முறை அமர்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

பார்ப்பவர்கள் நாங்கள் மட்டுமல்லர். பெயர் கூப்பிடுவது அகர வரிசையில். வகரத்தில் பெயர் தொடங்கும் சிறுவன் ஒருவன் கேட்டான்: "நான் ஏன் தினமும் கடைசி?" விடை இல்லை. ஒரு நாள் முன்னிருந்தும் மறுநாள் பின்னிருந்தும் கூப்பிடுகிறோம். அதே சிறுவன் இரண்டு கிழமை கழித்து மீண்டும் எழுந்தான். "ஏன் தினமும் அதே பாட்டு?" பிந்தி வருபவர்க்காக என்றோம். "இப்போ யாரும் பிந்தி வர்றதில்லையே?" என்றான். உண்மை, மூன்று திங்களாக யாரும் பிந்தவில்லை. பாட்டின் காரணம் தீர்ந்துபோயிருந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆசிரியை சிரித்தார். "பிள்ளைகளையே கேட்போம்" என்றார். கை தூக்கச் சொன்னோம். பாட்டு இருக்கட்டும் என்றவர் 17 பேர். காரணம் கேட்டால், பிடிச்சிருக்கு என்றார்கள். பாட்டு நிற்கிறது. கேட்டவன் மட்டும் பாடுவதில்லை. அந்த இரண்டு நிமிடமும் வாய்மூடி, சிலேட்டில் எதையோ வரைந்துகொண்டிருக்கிறான். யாரும் அவனைப் பாடச் சொல்வதில்லை.